பரணில் பழைய சினிமா ஸ்டில் இருக்கா? பேப்பர் கடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

தூத்துக்குடியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரணில் இருந்து ஒரு ட்ரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே பழைய வார இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், நடுவில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. அதில் பெரிய கூட்டம், கொடி, லத்தியோடு போலீஸ். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. "இது 1908-ல நடந்த கோரல் மில் ஸ்டிரைக் போட்டோ" என்று ஒருவர் சொல்ல, அடுத்த அஞ்சு நிமிஷத்தில் அது வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடுகிறது.

யாராவது ஒருவர் போட்டோவைத் திருப்பிப் பார்த்திருந்தால்? பின்பக்கம் ஒரு சினிமா கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்திருக்கலாம். அப்படி இருந்தால், அது 1908 அல்ல. 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தின் விளம்பர ஸ்டில்!

இது கற்பனைச் சம்பவம்தான். ஆனால் இப்படி ஒரு குழப்பம் நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. புத்தகத்தைப் படமாக்கும்போது எடுத்த பழைய விளம்பர போட்டோக்களை உலகம் முழுக்கத் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். அது என்ன பொழுதுபோக்கு? ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது? உப்புக் காற்று வீசும் ஊரில் அதை எப்படிக் காப்பாற்றுவது? பார்க்கலாம்.

ஸ்டில்னா என்ன? படத்துல இருந்து எடுக்குறதா?

இல்லை. பலரும் நினைப்பதுபோல ஃபிலிம் சுருளில் இருந்து வெட்டி எடுத்த காட்சி அல்ல ஸ்டில். படப்பிடிப்புத் தளத்தில் தனி கேமராவோடு ஒரு போட்டோகிராபர் இருப்பார். ஷாட் முடிந்ததும் நடிகர்களை அதே மாதிரி நிற்கச் சொல்லித் தனியாகப் படமெடுப்பார். பத்திரிகைக்கும் தியேட்டர் வாசல் கண்ணாடிப் பெட்டிக்கும் போனது இந்த போட்டோதான். தமிழ் சினிமாவில் பெயருக்கு முன்னால் 'ஸ்டில்ஸ்' என்று போட்டுக்கொள்ளும் அளவுக்கு இது தனித் தொழிலாக இருந்தது.

அதனால் ஒரு வேடிக்கையும் உண்டு. படத்தில் இல்லாத காட்சி ஸ்டில்லில் இருக்கும். எடிட்டிங்கில் வெட்டிய காட்சி, பிறகு மாற்றிய வேஷம், படத்தில் வராத கோணம் என்று பலதும் ஸ்டில்லில் மட்டும் தங்கியிருக்கும்.

கதைப் புத்தகத்தில் இருந்து வந்த படங்கள் ஏன் ஸ்பெஷல்?

நாவல் படிக்கும்போது நாயகி எப்படி இருப்பாள் என்று நாமே மனதில் ஒரு முகம் வைத்திருப்போம். அந்த முகத்துக்குப் பதிலாக ஒரு நடிகையின் முகத்தை முதலில் காட்டுவது விளம்பர ஸ்டில்தான்.

தமிழில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் 1939-ல் வந்த 'தியாக பூமி'. கல்கி எழுதிய இந்தக் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியருடைய படங்களுக்குப் பதில் கே.சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த சினிமாவின் ஸ்டில்களே அச்சாயின. அதாவது, வாசகர்கள் கதையைப் படிக்கும்போதே பாபநாசம் சிவன், எஸ்.டி.சுப்புலட்சுமி, பேபி சரோஜா முகங்களைப் பார்த்துவிட்டார்கள். தேச விடுதலையைப் பேசிய அந்தப் படத்தை ஆங்கிலேய அரசு பிறகு தடை செய்தது. ஆனால் வீடுகளில் பைண்ட் செய்து வைத்த விகடன் பக்கங்களை யாரும் தடை செய்ய முடியவில்லை.

இன்னொரு பக்கம் சோகமானது. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931). அதன் பிரதி இன்று இல்லை. அதில் நடித்த டி.பி.ராஜலட்சுமி, தான் எழுதிய 'கமலவல்லி' நாவலை 1936-ல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் தானே இயக்கிப் படமாக்கினார். எழுத்தாளரும் இயக்குநரும் ஒரே பெண். அந்தப் படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. இப்படித் தொலைந்துபோன படங்களுக்கு ஸ்டில், பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம் ஆகியவைதான் மிச்சம். ஒரு போட்டோ குப்பைக்குப் போனால், அந்தப் படத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டும் போகிறது.

நம்ம ஊரு கனெக்‌ஷன்: கப்பலோட்டிய தமிழன்

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கம். வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என்ற கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. 1908-ல் அவர் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். 1936-ல் தூத்துக்குடியில் காலமானார்.

ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாற்று நூலை அடிப்படையாக வைத்து பி.ஆர்.பந்துலு தன் பத்மினி பிக்சர்ஸ் மூலம் எடுத்த படம்தான் 'கப்பலோட்டிய தமிழன்'. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், பாரதியாக எஸ்.வி.சுப்பையா, சுப்பிரமணிய சிவாவாக டி.கே.சண்முகம், மாடசாமியாக ஜெமினி கணேசன். வ.உ.சி. என்றதும் பலர் மனதில் இன்றைக்கும் சிவாஜி முகம் வருவதற்கு இந்தப் படமும் அதன் போட்டோக்களும் காரணம்.

இங்கேதான் கவனம் தேவை. சிவாஜி செக்கிழுக்கும் ஸ்டில் 1961-ஐச் சேர்ந்தது. அதை '1961 படத்தின் ஸ்டில்' என்று சொன்னால், ஒரு நல்ல வரலாற்றுச் சான்று. '1908 சிறைப் படம்' என்று சொன்னால், பொய். இரண்டுக்கும் வித்தியாசம் போட்டோவில் இல்லை. அதன் பின்பக்கம் எழுதியிருக்கும் ஒரு வரியில் இருக்கிறது.

இதே வரிசையில் தேட வேண்டிய தமிழ்ப் படங்கள் நிறைய. நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' (1954), கல்கியின் 'கள்வனின் காதலி' (1955), 'பார்த்திபன் கனவு' (1960), கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968), ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977), புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து பிறந்த 'உதிரிப்பூக்கள்' (1979) என்று பட்டியல் நீளும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் நாவல் தமிழில் 'ஏழை படும் பாடு' (1950) ஆனது. அதே நாவலை ஹாலிவுட் 1935-ல் எடுத்தது. ஒரே கதை, இரண்டு நாட்டு ஸ்டில்கள் என்று ஜோடியாகச் சேர்ப்பதும் ஒரு ருசி.

ஹாலிவுட்ல மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி?

அங்கே இதை ஒரு ஃபேக்டரி மாதிரி நடத்தினார்கள். 1930, 40-களில் ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் தனி ஸ்டில் பிரிவு இருந்தது. போட்டோக்களின் பொதுவான அளவு 8-க்கு 10 அங்குலம், பளபளப்பான தாள். கீழ் மூலையில் ஓர் எண் இருக்கும். முதல் பகுதி படத்துக்கான குறியீடு, அடுத்த பகுதி எத்தனையாவது ஸ்டில் என்பது. பின்பக்கம் ஒரு சின்னத் தாளில் தட்டச்சு செய்த குறிப்பை ஒட்டியிருப்பார்கள். பத்திரிகை ஆபீஸுக்குப் போன பிரதி என்றால், அச்சான தேதியோடு ஸ்டாம்பும் விழுந்திருக்கும். இந்த ஒழுங்கு இருப்பதால் 'வுதரிங் ஹைட்ஸ்' (1939), 'கான் வித் த விண்ட்' (1939), 'ரெபெக்கா' (1940) போன்ற நாவல் படங்களின் ஸ்டில்களை இன்றும் வரிசைப்படுத்த முடிகிறது.

ஆனால் ஒன்று. பின்பக்கக் குறிப்பும் பொய் சொல்லும்! அது விளம்பரத்துக்கு எழுதியதுதானே? 'வுதரிங் ஹைட்ஸ்' நாயகி மெர்ல் ஓபரான் 1911-ல் பம்பாயில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்தவர். நிறவெறி இருந்த காலம் என்பதால், அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று விளம்பரத்தில் சொல்லப்பட்டது. அவர் உயிரோடு இருந்தவரை இந்தக் கதையே ஓடியது. ஆக, குறிப்பைக் கிழிக்கவும் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. 'அப்போது என்ன சொன்னார்கள்' என்பதற்கு அது சாட்சி. 'எது உண்மை' என்பதை வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

நம் கடலுக்கு அந்தப் பக்கமும் ஹாலிவுட் வந்திருக்கிறது. ராபர்ட் ஸ்டாண்டிஷ் நாவலில் இருந்து எடுத்த 'எலிஃபென்ட் வாக்' (1954), பியர் பூல் நாவலில் இருந்து எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) இரண்டுக்கும் இலங்கையில்தான் படப்பிடிப்பு. முதல் படத்தில் நாயகியாக நடிக்க வந்த விவியன் லீ உடல்நலம் கெட்டு விலக, எலிசபெத் டெய்லர் நடித்தார். இந்த மாதிரி பாதியில் நாயகி மாறிய படங்களின் ஸ்டில்களில் பெயரையும் எண்ணையும் இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது.

ஒரிஜினலா, நகலா? வீட்டிலேயே 6 சோதனைகள்

1. லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்தது. பத்திரிகைப் பக்கமாகவோ போஸ்ட்கார்டாகவோ இருக்கலாம். உண்மையான போட்டோவில் அந்தப் புள்ளி வரிசை இருக்காது.

2. பின்பக்கத்தைப் பாருங்கள். ரப்பர் ஸ்டாம்ப், பென்சில் எழுத்து, ஒட்டிய குறிப்பு எல்லாமே பிளஸ் பாயின்ட். சுத்தமாக, வெள்ளை வெளேரென்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

3. தாளைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசிய போட்டோ தாள் 1970-களில்தான் பரவலானது. '1939 ஒரிஜினல்' என்று விற்கும் போட்டோ பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால், அது பிறகு போட்ட பிரதி.

4. இருட்டில் புறஊதா டார்ச் அடியுங்கள். கள்ள நோட்டு பார்க்கப் பயன்படும் அதே டார்ச் போதும். தாளை வெண்மையாகக் காட்டும் ரசாயனம் 1950-களில்தான் போட்டோ தாளில் சேரத் தொடங்கியது. தாள் பளீரென நீலமாக ஒளிர்ந்தால், அது 1930-களின் பிரதியாக இருக்க வாய்ப்பில்லை.

5. ஓரங்களைச் சாய்த்துப் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளை போட்டோவின் இருண்ட பகுதிகளில் வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு படர்ந்திருக்கும். தாளில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வருவதால் இப்படி ஆகிறது. இது வயதுக்கு ஓர் அடையாளம்.

6. மறுவெளியீடா என்று பாருங்கள். ஹாலிவுட் ஸ்டில்லில் ஆண்டு எண்ணுக்கு முன்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், படம் திரும்ப ஓடியபோது அச்சிட்டது என்று அர்த்தம். 'கான் வித் த விண்ட்' பல முறை இப்படி வெளியானது. நம்ம ஊரில் 1964 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் வந்த மாதிரிதான். படம் பழசு, போட்டோ புதுசு.

ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று, நான்கு சோதனைகள் ஒரே பக்கம் கை காட்டினால்தான் நம்பலாம்.

எங்கே தேடுவது? எப்படி வாங்குவது?

பழைய புத்தகக் கடை, காயலான் கடை, மூடிய தியேட்டர்களின் சாமான்கள், மூடிய போட்டோ ஸ்டுடியோக்கள், பிறகு ஆன்லைன் ஏலம். பெரும்பாலும் ஒரு கட்டாகத்தான் கிடைக்கும்.

முத்துக்குளித்துறை மக்களுக்கு இது பழகிய கணக்கு. இந்தக் கரையில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதைதானா என்பது எடுத்தவர் பாடு. ஸ்டில் கட்டும் அப்படித்தான். அதனால் கட்டுக்கு முழு விலை கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பின்பக்க போட்டோ அனுப்புவீர்களா? எந்தக் காலத்தில் அச்சிட்டது? யாரிடம் இருந்து வந்தது? பதில் சொல்லத் தயங்குபவரிடம் அவசரப்பட வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வாங்கினால் தபால் செலவோடு சுங்க வரியும் வரலாம். மொத்தக் கணக்கு போட்டுவிட்டு ஏலம் கேளுங்கள்.

விலையைத் தீர்மானிப்பது எது? படம், நடிகர், அச்சான காலம், எடுத்தவர் பெயர், போட்டோவின் நிலை, பின்பக்கச் சான்று. பழசு என்பதால் மட்டும் விலை வந்துவிடாது.

உப்புக் காத்துல எப்படிப் பாதுகாக்குறது?

போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் ஊறும், ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். கடலோர ஊரில் வருஷம் முழுக்க ஈரம்தான். அதனால்:

- லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.
- பசை தடவிய பக்கங்கள் உள்ள பழைய மாடல் ஆல்பம், செல்லோ டேப், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எல்லாமே எதிரி.
- வாசனை வீசும் பிவிசி உறைக்குப் பதிலாக, பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள்.
- பின்பக்கம் எழுத வேண்டுமா? மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.
- தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணும் வேண்டாம், தரைத்தளத்து மூலையும் வேண்டாம். வீட்டுக்குள் நடு அறையில், தரையில் இருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.
- சுவரில் மாட்ட ஆசையா? ஸ்கேன் எடுத்த பிரதியை மாட்டுங்கள். ஒரிஜினல் இருட்டில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: போட்டோவோடு பழைய ஃபிலிம் நெகட்டிவ் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். 1950-களுக்கு முந்தைய சினிமா ஃபிலிம் பலவும் நைட்ரேட் வகை, எளிதில் தீப்பிடிக்கும். புனேயில் 2003-ல் ஏற்பட்ட தீ விபத்தில் பல பழைய நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. காடி வாசனை அடித்தால் அது அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போவதற்கான அறிகுறி. அதையும் போட்டோக்களோடு வைக்கக் கூடாது.

வெள்ளத்துல நனைஞ்சுட்டா?

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடியில் வீட்டுக்குள் தண்ணீர். அப்படி ஒரு நிலையில் போட்டோ நனைந்தால், முதல் இரண்டு நாள்தான் முக்கியம்.

ஒட்டிக்கொண்டவற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மெல்ல விலகும். சேற்றைத் துடைக்காமல், தண்ணீரை ஓடவிட்டு அலசுங்கள். பிறகு படம் மேலே பார்க்கும்படி, மை இல்லாத உறிஞ்சு தாள் அல்லது பருத்தித் துணி மேல் தனித்தனியாக நிழலில் காய விடுங்கள். வெயில், ஹேர் டிரையர் வேண்டாம். நிறைய இருந்து சமாளிக்க முடியவில்லை என்றால், சின்னச் சின்னக் கட்டாக பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பின்பக்கம் மை எழுத்து இருந்தால், தண்ணீரில் போடும் முன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். எழுத்து கரைந்தால் திரும்ப வராது.

போட்டோ என்னோடது... அச்சடிச்சு விக்கலாமா?

முடியாது. தாள் உங்களுடையது, பதிப்புரிமை வேறு. இந்தியாவில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள். போட்டோவுக்குக் கணக்கு வேறு மாதிரி. 2012 சட்டத் திருத்தத்தில் விதியே மாறியது. வீட்டில் வைத்து ரசிப்பது, ஒரிஜினலை அப்படியே விற்பது பிரச்னை இல்லை. காலண்டர், டி-சர்ட், புத்தக அட்டை என்று போவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வெச்சுக்க முடியாதவங்க யாருக்குக் கொடுக்கலாம்?

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு: ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' பட ஸ்டில்களை அவரே பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே தொடங்கி, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்ற பெயர் அவருக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க ஸ்டில்களையும் படத் தகவல்களையும் சேர்த்தார். அந்தத் தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. 2016-ல் அவர் மறைந்தார். போட்டோவோடு படத்தின் பெயர், ஆண்டு, கலைஞர்கள் விவரத்தையும் சேர்த்து வைத்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அப்படித்தான். கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நோட்டீஸ்களில் இருந்து பிறந்தது அது. புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் சினிமா ஸ்டில், போஸ்டர், பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாக்கிறது. கொடுக்கும் முன் தொடர்புகொண்டு, அவர்கள் ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமா சொன்னா...

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டில் பழைய ஸ்டில் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். படத்தின் பெயர், யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் இருந்து வந்தது என்று தாத்தா, ஆச்சியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, போட்டோவோடு அதே உறையில் வையுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதாக இருந்தாலும் பின்பக்கத்தையும் சேர்த்தே போடுங்கள். அப்போதுதான் 1961-ல் எடுத்தது 1961 ஆகவே இருக்கும்.